திருப்பூர் பனியனும் மூன்று பாடங்களும்



பி.காம் படிக்கிறவர்களுக்குத் தரக் கட்டுப்பாடு ஒரு யூனிட், சப்ளை செயின் இன்னொரு யூனிட், சுற்றுச்சூழல் தனி பேப்பர். மூன்றையும் தனித்தனியே படித்து, தனித்தனியே எழுதி, தனித்தனியே மறந்தும் விடுகிறோம் :-) நிஜத் தொழிலில் இவை மூன்றும் ஒரே பாடம் என்பது என் கட்சி. நம்ம ஊர் உதாரணமாகத் திருப்பூரையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு டி-ஷர்ட் திருப்பூரில் ஒரே கூரைக்குக் கீழே தயாராவது குறைவு. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பேக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஊரைச் சுற்றிவிட்டுத்தான் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிறது. பாதி வேலைகள் ஜாப் ஒர்க். எக்ஸ்போர்ட்டர் துணியைக் கொடுப்பார், சின்ன யூனிட்காரர் வேலையை மட்டும் செய்து கொடுத்துவிட்டுக் கூலி பில் போடுவார்.

கடைசியில் பையரின் ஆள் வந்து இன்ஸ்பெக்ஷன் செய்வார். 1000 பீஸ் இருந்தால் வழக்கமான ஏ.க்யூ.எல் 2.5 கணக்குப்படி 80 பீஸை எடுத்துப் பார்ப்பார். 5 பீஸ் வரை குறை இருந்தால் பாஸ், 6 என்றால் மொத்த லாட்டும் ஃபெயில். திரும்ப எல்லாவற்றையும் பிரித்து, செக் பண்ணி, கப்பலை விட்டுவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான். அந்தச் செலவு பெரும்பாலும் எக்ஸ்போர்ட்டர் தலையில். அவர் அதை யார் தலையில் இறக்கப் பார்ப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனால் தரம் என்பது அந்த 80 பீஸில் இல்லை. கடைசியில் சோதித்துத் தரத்தைக் கொண்டுவர முடியாது என்று டெமிங் சொன்னதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அவருடைய 14 அம்சங்களில் அதற்கு அடுத்ததாகவே இன்னொன்று வரும்: விலையை மட்டும் பார்த்து சப்ளையரைத் தேர்ந்தெடுக்காதே, நீண்ட கால உறவு வைத்துக்கொள் என்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. (1998-ல் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவுக்கு அதுவே முதல். அதைப் பரீட்சையில் எழுதுவோம், இந்த இரண்டாவது அம்சத்தை விட்டுவிடுவோம்.)

இப்போது சாயப்பட்டறைக்கு வருவோம். கதையே அங்கேதான்.

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயம் துணியில் ஏற உப்பு வேண்டும். கறுப்பு, நேவி ப்ளூ மாதிரி அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் உப்பு கூடப் போகும். சாயத்தின் ஒரு பகுதியாவது துணியில் ஒட்டும். உப்போ முழுக்கத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகும், கரைந்த உப்பு போகாது. இந்தத் தண்ணீர்தான் பல வருடங்கள் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே சொல்ல வேண்டிய நிலை வந்தது. வழக்குப் போட்டதும் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள்தான். ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28-ல், மூடுங்கள் என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள்!

பட்டறை மூடினால் சாயக்காரருக்கு மட்டுமா நஷ்டம்? நிட்டிங் முடிந்த துணி தேங்கியது, வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போட வேண்டி வந்தது. செலவு ஏறியது, நாள் தள்ளியது. சாயக் கூலியில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஊர் மொத்தத்துக்கும் வந்த வினை. நம் கணக்குப் புத்தகத்தில் அதுவரை நொய்யலுக்கு ஒரு லெட்ஜர் இல்லை. நீதிமன்றம் ஒரே நாளில் அதைத் திறந்தது, அவ்வளவுதான்.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று போட்டுத் தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்த ஆரம்பித்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது: உப்பும் கடினத்தன்மையும் உள்ள தண்ணீரில் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது, திட்டுத்திட்டாக வரும், ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் ஷேடு மாறும். லாரித் தண்ணீர் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. ஆர்.ஓ. தண்ணீர் தினமும் ஒரே மாதிரி. ஆற்றைக் காப்பாற்றப் போட்ட மெஷின் ஷேடையும் காப்பாற்றுகிறது. இதையே திருப்பிப் பாருங்கள். ஷேடு தவறி ஒரு லாட்டைத் திரும்பச் சாயம் போட்டால், இன்னொரு முறை தண்ணீர், இன்னொரு முறை உப்பு, இன்னொரு முறை விறகு. அதாவது தரக் குறைவே மாசுதான். இதை இரண்டு பேப்பராகப் பிரித்து வைத்தவரை என்ன சொல்ல!

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். எவாப்பரேட்டருக்கு எரிபொருள் நிறையச் செலவாகிறது. கலப்பு உப்பும் கசடும் மூட்டையாகக் குவிகின்றன. போட்டி போடும் ஊர்கள் எல்லாவற்றிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆக, செலவு கூடத்தான் செய்யும். அதை யார் தாங்குவது?

இங்கேதான் சப்ளை செயின் வருகிறது. சாயப்பட்டறை பில் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 5 சதவீதம், 50,000 ரூபாய். பணம் 120 நாள் கழித்து வருகிறது. அதுவரை பேங்க் சி.சி.யில் 12 சதவீத வட்டி. கணக்குப் போட்டால் வட்டி மட்டும் 39,000 ரூபாய்க்கு மேல்! 45 நாளில் வந்திருந்தால் 15,000-க்குள் முடிந்திருக்கும். கையில் மிஞ்சுகிற பத்தாயிரத்தை வைத்துக்கொண்டு அவர் புது மெம்ப்ரேன் வாங்குவாரா, நல்ல லேப் ஆளை வேலைக்கு வைப்பாரா, இல்லை ராத்திரியில் வால்வைத் திறந்து விடுவாரா? திறந்து விடுவதை நான் நியாயப்படுத்தவில்லை. அப்படித் திறக்கிற சூழலை உருவாக்கியது அவர் மட்டும் இல்லை என்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ல் வந்த எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. யார் கேட்பார்கள்? கேட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. என் உறவினர் ஒருவர் தையல் ஜாப் ஒர்க் செய்கிறார். இந்த வட்டியைப் பற்றிச் சொன்னேன். "நீ படிச்சு முடிச்சு வேலைக்குப் போற வழியப் பாரு கண்ணு" என்று சிரித்தார். 2023 நிதிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்று சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருடம் வரை அந்தச் செலவை வரிக் கணக்கில் கழிக்க முடியாது. சின்னவர் வாய் திறக்காமலே பெரியவருக்கு வலிக்கும் ஏற்பாடு. பதிவு செய்யாத யூனிட்டுக்கு ஆர்டரை மாற்றிவிடுவார்களே என்று அப்போதே பயந்தார்கள், அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனாலும் எத்தனையோ பசுமைச் சான்றிதழ்களைவிட இந்த ஒரு வரி நொய்யலுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

"எனக்கே பையர் 90 நாள் கழித்துத்தான் தருகிறான்" என்று எக்ஸ்போர்ட்டர் சொல்வார். அதுவும் உண்மைதான், வெளிநாட்டுப் பையரை நம் வருமான வரி தொடாது. பிரிட்டனில் 2017 முதல் பெரிய கம்பெனிகள் சப்ளையருக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் கொடுக்கின்றன என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். துணிக்கடை பிராண்டுகளின் பசுமை அறிக்கையையும் இந்த நாள் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் அலைகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.