பயிற்சிக் களமும் கையடக்கத் தொலைபேசியும்

தற்காப்புக் கலைக்கூடங்கள் பலவற்றில் இன்று ஒரு வாசகம் தவறாது ஒலிக்கின்றது: “எமது கூடம் ஒரு குடும்பம்.” இக்குடும்பத்திற்குச் சான்றாகக் காட்டப்படுபவை யாவை? ஒரு வட்ஸ்அப் குழு. முகநூலில் ஏற்றப்பட்ட வெற்றிக் கிண்ணங்களின் படங்கள். வரவையும் கட்டணத்தையும் கணக்கிடும் ஒரு செயலி. இவை இருந்தாற் சமூகம் அமைந்துவிட்டது எனக் கருதுவோர் ஒரு சாரார். கருவி எதுவாயினும் அது கலையைக் கெடுக்கும் எனக் கதவடைப்போர் மற்றொரு சாரார். இரு சாராரும் வினாவைப் பிழையாகவே எழுப்புகின்றனர். அக்கருவியில் யார் பேசுகின்றார், யார் வாய்மூடிக் கேட்கின்றார், அதன் பயனாக யார் மீண்டும் களத்துக்கு வருகின்றார் என்பனவே எழுப்பப்பட வேண்டிய வினாக்களாகும்.

ஜூடோவின் வரலாறு இவ்விடயத்தில் தெளிவு தருவது. 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி எனும் பௌத்த ஆலயத்தில், 12 பாய்கள் விரித்த சிற்றிடத்தில், 9 மாணாக்கருடன் கானோ ஜிகோரோ கொடோகன் கூடத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த கல்விமுறை நான்கு உறுப்புகளைக் கொண்டது. தடையின்றிப் பொருதும் ‘ரன்டோரி’, வரன்முறைப்பட்ட அசைவுகளாகிய ‘கதா’, விரிவுரை, வினாவிடை என்பன அவை. கற்பிப்போன் உரைப்பதுடன் கல்வி முடிந்துவிடுவதில்லை. கற்போன் வினவவும் வேண்டும் என்பது இம்முறையிற் பொதிந்துள்ள உண்மையாகும். தம் காலத்துக் கருவியாகிய அச்சினைக் கையாளவும் கானோ தயங்கினாரல்லர். 1898இல் இளைஞருக்கான ‘கொகுஷி’ சஞ்சிகையும், 1915இல் ‘ஜூடோ’ சஞ்சிகையும் அவரது முயற்சியால் வெளிவந்தன. 1922இல் அவர் நிறுவிய பண்பாட்டுக் கழகமோ, தானும் பிறரும் ஒருங்கே செழித்தல் எனும் கொள்கையைத் தன் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டது. எனவே, புதிய கருவி கலைக்குப் பகை என்போருக்கு ஜூடோவின் மூலவரிடத்திலேயே ஆதரவு இல்லை.

ஆயினும் கருவியின் எல்லையும் அறியப்படல் வேண்டும். ஜூடோவில் எறியப்படுபவன் தன் உடலை எறிபவனிடம் ஒப்படைக்கின்றான். எறிபவன் அவனது சட்டைக்கையை விடாது பற்றி, அவன் தலை நிலத்தில் மோதாவண்ணம் காக்கின்றான். கழுத்து நெரிபடும்போது கையால் இருமுறை தட்டினால் பிடி உடனே தளர்கின்றது. இந்நம்பிக்கையே களத்திற் பிறக்கும் உறவின் வேர். அது எந்தத் திரையிலும் பிறப்பதன்று. 2020இல் பெருந்தொற்றுப் பரவியபோது, தனித்து நின்று ஆடத்தக்க தைக்குவொண்டோவின் பூம்சேப் போட்டிகள் காணொளி வழியே நடத்தப்பட்டன. ரன்டோரிக்கு அவ்வழி இருக்கவில்லை. வழமையாக ஏப்ரலில் இடம்பெறும் அகில ஜப்பான் ஜூடோ வல்லவர் போட்டி, அவ்வாண்டு டிசெம்பர் 26இலேயே, பார்வையாளர் இன்றி, கொடோகனில் நடைபெற்றது. கானோ வகுத்த நான்கனுள் பின்னைய இரண்டான விரிவுரையும் வினாவிடையுமே இலத்திரனியற் கருவிக்கு உரிய இடமாகும் என்பது இதனாற் புலனாகும்.

ஆனால் அவ்விடத்திலேனும் அது நேர்மையாகக் கையாளப்படுகின்றதா? 2018 முதல் வட்ஸ்அப் குழுக்களில் நிருவாகி மட்டுமே எழுதலாம் எனக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. அதனைப் பூட்டாக்கிக்கொண்ட கூடங்கள் பல. அங்கு ஆசிரியர் அறிவிப்பார். மாணாக்கர் கைகூப்பும் சின்னங்களை இடுவர். கட்டணம் செலுத்தாதவரின் பெயர் அனைவர் முன்னிலையிலும் வெளியிடப்படும். பதக்கம் பெற்றவனின் படம் பத்து முறை வரும். முழங்கால் முறிந்து வீட்டிற் கிடப்பவனை விசாரிக்க ஒரு வரியும் வராது. செயலியோ வராதவனை இழந்த வருமானமாக மட்டுமே எண்ணும். இது குடும்பமன்று, ஒலிபெருக்கி பூட்டிய கடை. குடும்பம் எனும் சொல் இங்கு வணிகத்தை மறைக்கும் திரையாகவே தொழிற்படுகின்றது.

வினவ இடமளித்தால் ஒழுக்கம் குலையும் என்பது இவர்தம் வாதம். வணங்குதலும் வினவுதலும் ஒன்றற்கொன்று முரணானவை எனின், வினாவிடையைக் கல்வியின் உறுப்பாகவே வைத்த கானோ ஒழுக்கம் அறியாதவராதல் வேண்டும். உண்மையில் குலையுமென அஞ்சப்படுவது ஒழுக்கமன்று, வினவப்படாத அதிகாரமே.

மேலும் ஒன்று. 2020, 2021ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பாடசாலைக் கல்வி இணையவழிக்கு மாறியபோது, அலைவரிசை தேடி மலையேறியும் மரமேறியும் கற்ற பிள்ளைகளை நாடு கண்டது. கருவியும் தரவுக் கட்டணமும் எல்லார்க்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. பயிற்சி நேர மாற்றத்தைத் தொலைபேசியில் மட்டும் அறிவிக்கும் கூடம், தொலைபேசி இல்லாத பிள்ளையைப் பூட்டிய கதவின் முன் நிறுத்துகின்றது. அப்பிள்ளை வீடு திரும்பும் வழியில் அக்குடும்பத்தின் பொருளை நன்கு விளங்கிக்கொள்ளும்.

செய்யத்தக்கவை அரியனவல்ல. குழுவில் அனைவரும் வினவலாம் என்றாதல் வேண்டும். அன்று கற்ற பாடத்தின் குறிப்பை மாணாக்கரே முறைவைத்து எழுதி, வராதவருக்கு எட்டச்செய்யலாம். கட்டணப் பேச்சு உரியவரிடம் தனியே நிகழ வேண்டும். சிறுவரின் படங்கள் பெற்றோரின் இசைவின்றி வெளியிடப்படலாகாது. தொலைபேசியில் வரும் அறிவிப்பு வாயிற்பலகையிலும் எழுதப்படல் வேண்டும். மூன்று கிழமை முகங்காட்டாத ஒருவனை அவனுடன் பொருதிப் பழகிய தோழன் அழைத்து, “ஏன் வரவில்லை? சுகமா?” எனக் கேட்க வேண்டும்.

அந்த அழைப்பைக் கேட்டு அவன் மறுநாள் களத்துக்கு வந்து, பிறருடன் சேர்ந்து பாயை விரிப்பானாயின், கருவி தன் கடமையைச் செய்தது எனலாம். அவ்வாறு ஒருவனையேனும் மீட்டழைக்காத கூடம், தன் குழுவில் எத்தனை நூறு பேர் உளர் எனப் பெருமை பேசுதல் தகாது.