ஒத்தத் தலைவலிக்கு "ரெண்டு மாத்திரை குடுங்கண்ணா": கொஞ்சம் நீளமான த்ரெட்

ராணிப்பேட்டை முத்துக்கடையில சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து நிக்கிற நேரமா பார்த்து, ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் முன்னாடி பத்து நிமிஷம் நில்லுங்க. "அண்ணா, ஒத்தத் தலைவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." சீட்டு கிடையாது, கேள்வி கிடையாது. அட்டையில இருந்து கத்தரியால ரெண்டை வெட்டி கவர்ல போட்டுக் கொடுத்துடுவாங்க. வெட்டின துண்டுல மருந்துப் பேரும் பாதி, தேதியும் பாதி.

அந்த ரெண்டு மாத்திரையைப் பத்திதான் இந்த த்ரெட். கோபத்துலதான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

அடுத்த தடவை முழு அட்டையைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்க. பல நேரம் எர்காட்டமின், கஃபீன், பாராசிட்டமால், வாந்திக்கு புரோகுளோர்பெரசின்னு நாலும் ஒரே மாத்திரையில இருக்கும். இதுல எர்காட்டமின்தான் விஷயம். ரை தானியத்துல வர்ற எர்காட் பூஞ்சையில இருந்து 1918ல பிரிச்செடுத்த மருந்து. ரத்தக் குழாயைச் சுருக்கும். தலையில மட்டும் சுருக்கிட்டு நிக்காது. விரல், பாதம், இதயம்னு எல்லா இடத்துலயும் சுருக்கும். அந்தப் பூஞ்சை பிடிச்ச மாவுல ரொட்டி சுட்டுத் தின்ன ஐரோப்பிய கிராமங்கள்ல ஒரு காலத்துல ஜனங்களுக்குக் கை கால் கருகி விழுந்திருக்கு.

கர்ப்பிணி இதைத் தொடவே கூடாது. இதய நோய், கட்டுப்படாத பிபி இருக்கிறவங்களும் அப்படித்தான். தொண்டை வலிக்கு கிளாரித்ரோமைசினோ எரித்ரோமைசினோ சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது இதைப் போட்டா, ரத்தத்துல எர்காட்டமின் அளவு ஏறி விரல் கறுத்துப் போகலாம். "முழுகாம இருக்கியாம்மா? பிபி இருக்கா? வேற மாத்திரை எதாச்சும் சாப்பிடுறியா?" இந்த மூணு கேள்வியைக் கேக்கத்தான் டாக்டர் சீட்டு இல்லாம இதை விக்கக் கூடாதுன்னு சட்டம் வச்சிருக்கு.

என்கிட்ட வந்த ஒரு அக்கா. அடையாளத்தை மாத்தியிருக்கேன். ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிற லைன். மூணு வருஷம் முன்னாடி மாசத்துக்கு ரெண்டு தடவை வந்த தலைவலி, இப்ப தினமும். எத்தனை மாத்திரைன்னு கேட்டேன். "தினம் ஒண்ணு சார், காலைல டீயோட." வலி வந்தாலா? "இல்ல சார், வந்துடக் கூடாதுன்னு."

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. எர்காட்டமினோ, இந்த மாதிரி கலவை மாத்திரையோ மாசத்துல 10 நாளோ அதுக்கு மேலயோ, வெறும் வலி மாத்திரைன்னா 15 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து போட்டா, அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அது இறங்கினா வலி வரும், வலிக்கு மறுபடி அதையே போடுவீங்க. அந்த அக்காவுக்கு மாத்திரையை நிறுத்தி, ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் சின்ன டோஸ்ல ஆரம்பிச்சேன். நிறுத்தினா முதல்ல வலி கூடத்தான் செய்யும், முன்னாடியே சொல்லியிருந்தேன். ஆனாலும் முதல் வாரம் போன்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ரெண்டாவது மாசம் வலி நாலு நாளா குறைஞ்சது.

இதைப் படிச்சுட்டு "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், மாத்திரையே போடாதே"ன்னு வீட்ல யாராச்சும் ஆரம்பிச்சா, அவங்களும் தப்பு. பித்தம் ஏறிடுச்சு, நீர் கோத்துக்கிச்சு, சைனஸ், கண்ணாடி பவர் மாறிடுச்சுன்னு தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டே வருஷக்கணக்கை ஓட்டுறவங்களை நான் வாரா வாரம் பாக்கிறேன். மைக்ரேன் மூளையோட, நரம்போட நோய். ஆண்களை விடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். சும்மா விட்டா 4 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் ஆட்டி வைக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கிறதுக்கு யாரும் பரிசு தரப் போறதில்ல.

வலி ஏற ஏற வயிறும் மந்தமாயிடும். போட்ட மாத்திரை குடலுக்கு இறங்காம அங்கேயே கிடக்கும், இல்லன்னா வாந்தியில வந்துடும். அதனால "தாங்க முடியலைன்னா போட்டுக்கலாம்"னு சாயங்காலம் வரைக்கும் தள்ளிப் போடுறதுதான் நாம பண்ற பெரிய தப்பு. தலைவலி ஆரம்பிச்ச முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள, முழு டோஸ்ல போடணும். பாராசிட்டமால் 500 ஒண்ணு பெரியவங்களுக்குப் பெரும்பாலும் பத்தாது. நாப்ராக்சன் மாதிரி மாத்திரை, கூடவே குமட்டலுக்கு ஒண்ணு. அதுக்கும் அடங்காத வலிக்கு சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் இருக்கு. மைக்ரேனுக்குன்னே வந்த மருந்துகள். சுமாட்ரிப்டான் சந்தைக்கு வந்து 30 வருஷத்துக்கு மேல ஆச்சு, உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு. இதையும் இதய நோய், பக்கவாதம் வந்தவங்களுக்குத் தர முடியாது. எர்காட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள்ள தரவே கூடாது. மாசத்துக்கு 10 நாள் கணக்கு இதுக்கும் உண்டு.

அப்புறம் ஏன் யாரும் எழுதித் தர மாட்டேங்கிறாங்க? இந்த இடத்துல எங்க ஆளுங்களைத்தான் திட்டணும். அஞ்சு நிமிஷத்துல இருபது பேரைப் பாக்குற கிளினிக்ல, இடுப்புல ஒரு டைக்ளோஃபினாக் ஊசி, சில சமயம் ஸ்டீராய்டும் சேர்த்து. "ஊசி போட்டாதான் கேக்கும்"னு பேஷண்ட் சொல்றாங்கன்னு நாம சொல்லுவோம். அந்தப் பழக்கத்தைப் பண்ணிவிட்டதே நாமதான். அடுத்த அட்டாக்குக்கு என்ன பண்ணணும்னு ஒரு வரி எழுதிக் கொடுக்கிறதில்ல. அவங்க கடைக்குப் போகாம வேற எங்க போவாங்க?

கம்பெனிப் பக்கமும் வரேன். காலைல சாப்பிடாம ஏறின வண்டி, பசை வாசனை, ட்யூப் லைட். மைக்ரேன்காரங்களுக்கு இது மூணும் எதிரி. முதல் மணி நேரத்துல மாத்திரை போட்டு இருட்டுல கொஞ்ச நேரம் படுத்தா மதியத்துக்குள்ள லைனுக்குத் திரும்பிடலாம். ஆனா படுக்க எங்க விடுறாங்க? 500 பேருக்கு மேல வேலை செய்ற ஆலையில ஆம்புலன்ஸ் ரூம் இருக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே இருந்துச்சு. லீவு போட்டாலோ, இஎஸ்ஐ நோய்ப்பயன் 70 சதவீதம் முதல் ரெண்டு நாளுக்குக் கிடையாது. மைக்ரேன் அந்த ரெண்டு நாளுக்குள்ளயே வந்துட்டுப் போயிடும். கூலி போச்சு, அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. அந்த அக்கா டீயோட ஒண்ணைப் போட்டது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

ஒண்ணு மறக்காதீங்க. ஷெட்டுல ஒரே நேரத்துல நாலு பேருக்குத் தலை வலிச்சா அது மைக்ரேன் இல்ல. தோல் ஷாப்ல அழுகின முட்டை நாத்தம் வந்தா மாத்திரை தேடாதீங்க, எல்லாரும் வெளிய வாங்க. நாத்தம் நின்னுடுச்சுன்னு உள்ள திரும்பிப் போகாதீங்க. அந்த வாயு அதிகமானா மோப்பமே செத்துடும்.

இடி விழுந்த மாதிரி நொடியில உச்சத்துக்குப் போற வலி, காய்ச்சலோட கழுத்து இறுக்கம், கை கால் இழுக்கிறது, பேச்சு குழறுறது, 50 வயசுக்கு மேல புதுசா வர்ற வலி, பிரசவம் ஆன சில வாரத்துல வர்ற கடும் வலி: இதுக்கெல்லாம் கடையும் வேண்டாம், என் த்ரெட்டும் வேண்டாம். நேரா ஆஸ்பத்திரி.

மத்தவங்க ஒரு மாசம் காலண்டர்ல வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு கோடு போட்டு எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. "வலி வந்ததும் நான் என்ன போடணும், எத்தனை, மாசத்துக்கு எத்தனை நாள்"னு கேட்டு எழுதி வாங்குங்க. எழுதித் தரலைன்னா இன்னொரு டாக்டரைப் பாருங்க.

இன்பாக்ஸ்ல "பேர் மட்டும் சொல்லுங்க சார், வாங்கிக்கிறேன்"னு கேக்காதீங்க. பிபி பாக்காம சொல்ல மாட்டேன்.