அடுத்த போகம் வரைக்கும்

எங்கட வீடுகளில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பள்ளிக்கூட றிப்போட் எல்லாம் பொலித்தீனால் சுற்றி அதுக்குள்ள இருக்கும். சண்டை முடிஞ்சு இத்தனை வருசமாகியும் அந்தப் பையை அலுமாரிக்குள் வைக்க அம்மாமார் விடுவதில்லை. "இனி எங்கயம்மா ஓடப்போறம்?" எண்டு நாங்கள் பகிடி பண்ணுவோம். "ஓடேக்க தேடக்கூடாது" எண்டு மட்டும் பதில் வரும்.

போருக்குள் இருந்த சனம் நாளையைப் பற்றி யோசிக்காமல் அன்றன்றைக்கு வாழ்ந்தது என்றொரு கதை இருக்கிறது. வன்னியைப் பொறுத்தவரை அது பிழை என்பது எங்கள் எண்ணம்.

காலபோகத்தை எடுங்கோ. ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் தை, மாசியில்தான் அறுவடை. விதைக்கிறவருக்குக் குறைந்தது நாலு மாத நம்பிக்கை வேண்டும். 1990களில் கிளிநொச்சி கைமாறிக்கொண்டிருந்த காலத்திலும் இந்த மண்ணில் விதைத்தார்கள். தென்னம்பிள்ளை வைத்தார்கள், அது காய்க்க ஐந்தாறு வருசம் செல்லும். சீட்டுப் பிடித்தார்கள். இருபது பேர், இருபது மாதம். கடைசிச் சீட்டை எடுக்கிற ஆள், இருபது மாதம் கழிச்சும் இந்த இருபது பேரும் இதே ஊரில் இருப்பினம் எண்டு நம்பியிருக்க வேணும். பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட கதையை நாங்கள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அதைவிட இந்தச் சீட்டுத்தான் பெரிய விசயமாகத் தெரிகிறது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. உடனேயே திட்டங்கள் நீண்டன. கொட்டிலில் இருந்தவர்கள் கல்வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2008 கடைசியில், கட்டின ஆக்களே அந்த வீட்டின் கூரையைக் கழற்றினார்கள். ஓடு, கதவு, நிலை எல்லாத்தையும் லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு தர்மபுரம், விசுவமடு எண்டு போனார்கள். போற இடத்தில் ஒரு கொட்டிலாவது போடலாம் என்ற கணக்கு அது. ஒவ்வோர் இடப்பெயர்விலும் சாமான் குறைந்தது, திட்டமும் குறுகியது. மாத்தளனுக்கு வந்தபோது பலரின் கையில் மிஞ்சியது அந்தப் பையும் கொஞ்ச நகையும்தான். திட்டம் பின்னேரம் வரைக்கும்தான்.

இன்னொரு திட்டமும் இருந்தது. அதைப் பற்றி எங்கட வீடுகளில் பெரிசாய்க் கதைப்பதில்லை. கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அவசர அவசரமாய்க் கலியாணம் செய்துவைத்தார்கள். பிள்ளையின் உயிருக்காகப் பிள்ளையின் எதிர்காலத்தையே ஈடு வைத்தார்கள். அது எல்லாரையும் காப்பாற்றவுமில்லை. அப்படிக் கட்டிவைக்கப்பட்ட எங்கட அக்காமார் சிலர் இண்டைக்குத் தனியப் பிள்ளை வளர்க்கினம்.

ஆகவே போர் எங்கட சனத்திடமிருந்து திட்டமிடும் பழக்கத்தைப் பறிக்கவில்லை. திட்டத்தின் நீளத்தைத்தான் வெட்டி வெட்டிக் குறைத்தது.

இதனால்தான் "எதையும் தாங்கி மீண்டெழும் மக்கள்" என்ற பாராட்டைக் கேட்டால் எங்களுக்குக் கோபம் வருகிறது. தாங்கினவர்களைப் புகழ்வதோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். நீண்ட திட்டம் போட ஒரு ஆளுக்கு என்ன தேவை என்று ஆரும் கேட்பதில்லை. சொந்தக் காணி தேவை. 2017இல் கேப்பாப்புலவுச் சனம் படைமுகாம் வாசலில் மாதக்கணக்கில் குந்தியிருந்தது அதுக்குத்தான். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு என்ன நடந்தது என்ற பதில் தேவை. அதே வருசம் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் அம்மாமார் போராடத் தொடங்கியது அதைக் கேட்டுத்தான். ஆள் இருக்கிறாரா இல்லையா எண்டு தெரியாத வீட்டில் காணியைப் பிள்ளைக்கு எழுதக்கூட ஒரு தாயின் கை கூசும். போருக்குப் பிறகு வந்த நுண்கடன்களோ, பல பெண்களின் திட்டத்தைக் கிழமைக்கு ஒருக்கால் கட்டுக்காசு எண்ட அளவுக்குச் சுருக்கிவிட்டன. குண்டு விழவில்லை, ஆனாலும் ஏழு நாளைக்கு மேல் யோசிக்க முடியவில்லை.

எங்கட தலைமுறையும் இதுக்குள்தான் நிக்குது. ஐந்து வருசத்தால எங்க இருப்பாய் எண்டு ஒருத்தரையொருத்தர் கேட்டால், அனேகமாய் ஒரு வெளிநாட்டின் பெயர்தான் வாயில் வருகிறது. போகிறவர்களைக் குறை சொல்ல எங்களால் முடியாது. ஆனால், இங்கேயே இருந்து பத்து வருசத் திட்டம் ஒன்றைப் போட முடிவதை ஆரோ தரும் சலுகையாக இல்லாமல் உரிமையாகக் கேட்க வேண்டும் என்கிறோம்.

அதுக்கு முதல் ஒரு சின்ன வேலை செய்யலாம். உங்கட அம்மா, அப்பாவிடம் 2006இல் அவர்கள் என்ன திட்டம் போட்டிருந்தார்கள் எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. எத்தினை குண்டு, எத்தினை இடப்பெயர்வு எண்டு நிறையக் கேட்டுவிட்டோம். கட்டாமல் விட்ட அறை, முடிக்காத படிப்பு, எடுக்காத கடைசிச் சீட்டு பற்றி இன்னும் கேட்கவில்லை.

அந்தப் பை இப்போதைக்குத் தொங்கட்டும். அதைக் கழற்றச் சொல்ல எங்களுக்கு இன்னும் துணிவு வரவில்லை.