விளம்பரத்துக்கு வாசலிலேயே தடை! தடைப் பட்டியலைக் காப்பவர்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஒரு மூலையில் உள்ளங்கை அளவுள்ள சிறு கம்ப்யூட்டர் மட்டும் விழித்திருக்கிறது. அது இன்டர்நெட்டிலிருந்து ஒரு புதிய பட்டியலை இறக்கிக்கொள்கிறது. பழைய பட்டியலைத் தள்ளிவிடுகிறது.

அது என்ன பட்டியல்? "இந்தப் பெயருள்ள இடங்களுக்கு இந்த வீட்டிலிருந்து வழி சொல்லாதே" என்ற தடைப் பட்டியல். அதில் லட்சக்கணக்கான பெயர்கள் இருக்கும். சில, விளம்பரம் அனுப்பும் இடங்கள். சில, நாம் எதைப் பார்க்கிறோம் என்று வேவு பார்க்கும் இடங்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு "பை-ஹோல்" என்று பெயர். அமெரிக்காவில் ஜேக்கப் சால்மெலா என்பவர் தொடங்கியது. விலை இல்லை. வாரம் ஒரு முறை, ஞாயிறு அதிகாலையில், பட்டியலைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

எப்படித் தடுக்கிறது?

இன்டர்நெட்டில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஓர் எண்ணும் உண்டு. நாம் பெயரைச் சொல்கிறோம். கம்ப்யூட்டருக்கோ எண் வேண்டும். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏற்பாடுதான் டி.என்.எஸ்.

செல்போனில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். செல்போன் ஒரு பெயரை மட்டும் கேட்பதில்லை. செய்திக்கு ஒரு பெயர், படத்துக்கு ஒரு பெயர், விளம்பரத்துக்கு நாலைந்து பெயர் என்று கேட்டுக்கொண்டே போகும். வீட்டிலுள்ள சிறு கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெயரையும் பட்டியலில் தேடும். இல்லாவிட்டால் சரியான எண்ணைச் சொல்லும். இருந்தால் "0.0.0.0" என்று சொல்லிவிடும். அது எங்கும் போகாத எண். செய்தி வரும், விளம்பரம் வராது. வீட்டின் வைஃபையில் சேர்ந்த டெலிவிஷன், செல்போன் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு காவலே போதும்.

ஆனால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. யூடியூப்பில் படம் வரும் வழியிலேயே விளம்பரமும் வருகிறது. அந்த வழியை அடைத்தால் படமும் நின்றுவிடும்.

பட்டியல் பிறந்த கதை

இன்டர்நெட்டின் ஆரம்ப நாட்களில் டி.என்.எஸ். கிடையாது. எல்லாப் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பைன்லர் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் அதைக் காத்து வந்தார்கள். பெயர்கள் பெருகின. ஒரு பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ். முறையை வகுத்தார்.

ஆனாலும் அந்தப் பழைய பட்டியலின் வாரிசாக ஒரு சிறு பட்டியல் இன்றும் கம்ப்யூட்டர்களுக்குள் இருக்கிறது. வெளியே கேட்பதற்கு முன் கம்ப்யூட்டர் அதைத்தான் பார்க்கும். விளம்பரத் தொல்லை பொறுக்காதவர்கள் அதில் விளம்பரக் கம்பெனிகளின் பெயர்களை எழுதி, பொய்யான எண்ணைக் கொடுத்தார்கள். வழி காட்டப் பிறந்த பட்டியல் வழி மறிக்கும் பட்டியல் ஆயிற்று!

எழுதுவது சுலபம், காப்பது கஷ்டம்

பெயர் வாங்க அதிகச் செலவு இல்லை. ஒரு பெயரைத் தடுத்தால் விளம்பரக்காரர் வேறு பெயரில் வருவார். அவர் கைவிட்ட பெயரை நாளை ஒரு நல்ல வியாபாரி வாங்கலாம். பட்டியலிலிருந்து அதை எடுக்காவிட்டால், செய்யாத குற்றத்துக்கு அவருக்குத் தண்டனை.

மாறுவேடமும் உண்டு. 2019-ல் பிரான்சில் "லிபராசியோன்" என்ற தினசரியின் இணையப் பக்கத்தில் ஒரு சங்கதி வெளிப்பட்டது. வெளிக் கம்பெனி ஒன்றின் கண்காணிப்பு வேலை, அந்தத் தினசரியின் பெயரைப் போட்டுக்கொண்டே நடந்தது. அன்னியன் ஒருவன் வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்ததுபோல! அதன் பிறகு, பெயருக்குப் பின்னால் இருக்கும் பெயரையும் தேட வேண்டியதாயிற்று.

தவறான தடையும் தொல்லைதான். யூடியூப் சம்பந்தப்பட்ட ஒரு பெயரைத் தடுத்தால், நீங்கள் பார்த்த படங்களின் குறிப்பு பதிவாகாது. கூகுளில் மேலே வரும் விளம்பர முடிவை அழுத்தினால் பக்கம் திறக்காது. காரணம் வீட்டில் யாருக்கும் தெரியாது. "இன்டர்நெட் கெட்டுவிட்டது" என்பார்கள். ஆகவே சேர்ப்பதைப்போல நீக்குவதும் காவலர் வேலை.

சம்பளம் இல்லாத காவலர்கள்

இந்தப் பட்டியல்களில் பலவற்றைக் காப்பவர்கள் தொண்டர்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. பல பட்டியல்களுக்கு மூலமாக இருப்பது "ஈஸிலிஸ்ட்". 2005-ல் ரிக் பெட்னல் என்பவர் தொடங்கினார். 2009-ல் அவர் இறந்தார். மற்றவர்கள் எடுத்து நடத்தினார்கள்.

2017 ஆகஸ்டில் ஓர் அமெரிக்கக் கம்பெனி, பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி, ஒரு பெயரை நீக்கச் சொன்னது. அந்தப் பெயர் நீக்கப்பட்டது. வக்கீலுக்குப் பணம் கட்டத் தொண்டர்கள் எங்கே போவார்கள்?

2022 அக்டோபரில் இன்னொரு சோதனை. இந்தியாவில் பலர் செல்போனில் வைத்திருந்த ஒரு பிரவுசர், திறக்கும்போதெல்லாம் பட்டியலை மறுபடி இறக்கியது. ஈஸிலிஸ்ட்டின் கம்ப்யூட்டர் திணறிப் போயிற்று. செல்போன் வைத்திருந்தவர்கள் மேல் குற்றம் இல்லை. பிரவுசரை எழுதியவர்களின் பிழை. ஆனால் சுமையைத் தாங்கியவர்கள் இந்தத் தொண்டர்களே.

விளம்பரம் வேறு, வேவு வேறு

விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்குமா? நடக்காது. நீங்கள் இப்போது படிக்கும் இந்தத் தாளும் விளம்பரத்தால்தான் வாழ்கிறது. எல்லோரும் எல்லா விளம்பரத்தையும் அடைத்தால், இனாமாகக் கிடைக்கும் பல இணையப் பக்கங்கள் மூடிக்கொள்ளும். இந்தக் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் தாளில் வரும் புடவை விளம்பரம் உங்களைத் திருப்பிப் பார்ப்பதில்லை. எத்தனை நேரம் பார்த்தீர்கள், பிறகு எந்தக் கடைக்குப் போனீர்கள் என்று குறித்துக்கொள்வதில்லை. இன்டர்நெட் விளம்பரங்களில் பல குறித்துக்கொள்கின்றன. குழந்தை விளையாடும் செல்போனிலும் குறித்துக்கொள்கின்றன. தடைப் பட்டியலுக்கு ஆதரவு பெருகியது இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

பட்டியல் வைப்பதானால் நன்றாகப் பராமரிக்கப்படும் ஒன்றே போதும். பத்துப் பட்டியல்களைக் குவித்தால் தவறும் பத்து மடங்கு ஆகலாம். கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பாருங்கள். பல வருஷங்களாகத் திருத்தாத பட்டியல், கதவு திறந்து கிடக்கும் வீடு.

ஏதாவது ஒரு பக்கம் திறக்காவிட்டால் காவலையே கலைத்துவிடாதீர்கள். அந்த ஒரு பெயருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பட்டியலைக் காப்பவருக்கும் தெரிவியுங்கள். நீங்கள் சொன்ன ஒரு திருத்தம், அடுத்த வாரமே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேரும்.