கடைசியில் நடப்பவர் யார்?

கொழும்பிலே அரசாங்க அலுவலகம் ஒன்றிற் பணிபுரியும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது முப்பத்தெட்டு, நாள் முழுவதும் நாற்காலியிலே கழிப்பவர். இவ்வாண்டு கதிர்காமத்துக்குக் கால்நடையாகவே போவதென்று உறுதி பூண்டுவிட்டாராம். வழி தெரிந்தவர் துணையின்றிப் போகத் துணிவில்லை. வேலேந்திச் செல்லும் கூட்டம் ஒன்றுடன் சேர்ந்துகொள்வதே நோக்கம். ஆனால் கூட்டங்கள் பல, புறப்படும் இடங்களும் பல. "லீவு அதிகம் இல்லை, ஆகையால் உகந்தையிலே சேர்ந்து காட்டுப் பகுதியை மட்டும் நடந்துவிட எண்ணுகிறேன். முதன்முறை நடப்பவனுக்கு அதுதானே சுலபம்?" என்று வினவுகிறார்.

இரண்டு வரியில் மறுமொழி எழுதித் தபாலிற் சேர்த்திருக்கலாம். ஆனால் இதே கணக்கைப் போட்டுக்கொண்டு 2023ஆம் ஆண்டு உகந்தை மலையடியிலே போய் நின்ற ஆசிரியர் ஒருவரை நாம் மிக நெருக்கமாக அறிவோம். அவர் வேறு யாருமல்லர். இப்பத்தியை எழுதுகின்ற நாமே. ஆதலின் சற்று விரிவாகவே சொல்லுதல் கடமையாகிறது.

பாதயாத்திரை வழியை அறியாதார்க்கு முதலில் அதன் போக்கைக் கூறுவோம். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுவோர் வைகாசியிலே நடக்கத் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கீழைக்கரை வழியே தெற்கு நோக்கி இறங்குவர். ஒன்றரை மாதத்துக்குக் குறையாத நடை அது. 500 கிலோமீற்றருக்கும் மேல். பொத்துவிலைக் கடந்து பாணமை வழியாக உகந்தை முருகன் கோயிலை அடைந்தால், அதற்கப்பால் ஊர் இல்லை. குமண, யால என்னும் இரு தேசிய வனங்களையும் ஊடறுத்துக் கதிர்காமம் வரை காடே. அந்தக் காட்டுவழியை அரசாங்கம் ஆண்டுதோறும் திருவிழாவையொட்டிச் சில நாட்களுக்கு மட்டுமே திறந்துவிடுகிறது. திறக்கும் தேதி ஆண்டுக்காண்டு மாறும். முன்கூட்டியே விசாரித்தறிய வேண்டும்.

உகந்தையிலிருந்து கதிர்காமம் ஐந்து நாள், மிஞ்சினால் ஆறு நாள். ஒன்றரை மாதத்தோடு ஒப்பிட்டால் ஐந்து நாள் எம்மாத்திரம் என்று தோன்றும். அங்கேதான் நாம் தவறினோம்.

உகந்தைக்கு வந்து சேரும் அடியார்களைப் பாருங்கள். வெருகலிலிருந்து வந்தவர் உண்டு, சந்நிதியிலிருந்து வந்தவரும் உண்டு. அவர்களுடைய பாதங்கள் வாரக்கணக்காக வெயிலிலும் மணலிலும் பதப்பட்டவை. எந்த நேரம் எழுவது, எங்கே இருப்பது, எவ்வளவு குடிப்பது என்பதெல்லாம் அவர்கள் உடம்புக்கே தெரியும். நாமோ முதல் நாள் மாலை பஸ்ஸிலே வந்து இறங்கியவர்கள். குறுகிய வழிதான், ஆனால் அதை நாம் யாருடன் நடக்கிறோம் என்பதை எண்ணவில்லை.

நாம் சேர்ந்துகொண்ட கூட்டத்தின் தலைவர் மெலிந்த, உரம் வாய்ந்த மனிதர். ஐந்து நாள் வழியை மூன்றரை நாளிலே முடித்தவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்கள். அப்பெருமையே அவரைத் தேர்ந்தெடுக்க நமக்குப் போதுமானதாயிருந்தது! வீட்டிலே ஒரு நோய் நீங்கியதற்கான நேர்த்திக்கடன் நமக்கு. அதை விரைவாகத் தீர்த்துவிட்டுப் பாடசாலை திரும்பவேண்டும் என்பது எண்ணம்.

முதல் நாள் எப்படியோ ஈடுகொடுத்தோம். கும்புக்கன் ஆற்றைக் கடக்கும்போது புதுச் சப்பாத்துகளைக் கழற்றச் சோம்பி அவற்றுடனேயே நீரில் இறங்கினோம். ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகிவிடும். அதன்மேல் சப்பாத்தின் உராய்வு சேர்ந்தால் கொப்புளம் எழாமல் வேறென்ன செய்யும்? மறுநாள் முற்பகலில் இரு குதிகாலும் உரிந்துவிட்டன. முன்னே கேட்டுக்கொண்டிருந்த அரோகரா ஒலி சிறிது சிறிதாகத் தேய்ந்து, பிறகு கேட்கவேயில்லை. மணல்வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மனிதர் நடந்தது, மற்றது யானை நடந்தது. எது எது என்று அறியும் அறிவு பட்டப்படிப்பிலே நமக்குக் கற்பிக்கப்படவில்லை. கச்சான் காற்று நெருப்பாய் வீசிற்று. ஒன்றரை லீற்றர்ப் போத்தல் எப்போதோ வெறுமையாகிவிட்டது. கைப்பேசிக்குத் தொடர்பு இல்லை. பெரிய பாலைமரம் ஒன்றின் கீழே, பழம் உதிர்ந்து கிடந்த நிழலிலே அமர்ந்துவிட்டோம்.

எவ்வளவு நேரம் இருந்தோமென்று தெரியாது. கோலூன்றி, வெறுங்காலுடன், துணிப்பொதி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு மட்டக்களப்புப் பக்கத்து மூதாட்டி ஒருவர் வந்தார்.

"மனே, இந்த மரத்துக்குக் கீழ இரியாத. பழம் கொட்டுற காலம், கரடி வாற மரம்" என்றார்.

பாலை பழுக்கும் பருவமும் யாத்திரைப் பருவமும் ஒன்றே என்பதையும், அப்பழத்திலே கரடிக்கு உள்ள பிரியத்தையும் அன்றுதான் அறிந்தோம். எழ முடியாதிருந்தது. அம்மையாரே கைகொடுத்து அப்பால் அழைத்துச் சென்று தண்ணீர் தந்தார். அவருக்குப் பின்னால் இளைஞன் ஒருவன் நின்றான். கழுத்திலே ஊதுகுழல், தோளிலே தண்ணீர்க் கான், இடுப்புப் பையிலே ஜீவனிப் பொட்டலங்கள். "நீங்கள் எந்தக் கூட்டம் சாமி?" என்று கேட்டான். சொன்னோம். "உங்கட ஆக்கள் போய் ஒரு மணித்தியாலம் இருக்கும்" என்றான். ஜீவனியைக் கரைத்துக் குடிக்கச் செய்து, குதிகாலைத் துடைத்துத் துணி சுற்றிவிட்டான். தம் கூட்டத்தில் அறுபத்திரண்டு பேர் என்றும், அறுபத்திரண்டாம் ஆள் தானே என்றும், முன்னே எவர் அமர்ந்தாலும் அவரைத் தாண்டிப் போகக்கூடாதென்பது தனக்கு இடப்பட்ட கட்டளை என்றும் கூறினான்.

அன்று மாலை நாவலடியிலே நம்முடைய கூட்டத்தைக் கண்டோம். தலைவர் அடுப்பின் முன் இருந்தார். நம்மைப் பார்த்துப் புன்னகை செய்து, சோறு இருக்கிறது, உண்ணுங்கள் என்றார். நாம் காணாமற் போயிருந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. அவரைக் கொடியவர் என்று சொல்லமாட்டோம். பின்னே திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். அன்றிரவே பொதியை எடுத்துக்கொண்டு மூதாட்டியின் கூட்டத்துக்கு மாறினோம். வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று எஞ்சிய வழியை ஊதுகுழல் இளைஞனுக்கு முன்னால் அறுபத்துமூன்றாம் ஆளாக நொண்டி நொண்டி நடந்து மாணிக்க கங்கையிலே மூழ்கினோம்.

ஆதலால் கடிதம் எழுதிய அன்பருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். வழியை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டாம், கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட்டத்தை மதிப்பிடும்போது முன்னே வேலேந்தி நடப்பவரைப் பார்த்து மயங்கவேண்டாம். கடைசியில் நடப்பவர் யார் என்று கேளுங்கள். அதற்கென ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் பெயரை உடனே சொன்னார்கள் என்றால், பாதிக் கவலை தீர்ந்தது. "எல்லாரும் ஒன்றாய்த்தான் போவோம்" என்று மறுமொழி வந்தால் வேறிடம் பாருங்கள். இரவிலே தலை எண்ணுகிறார்களா, நடக்கமுடியாமற் போனவரை என்ன செய்வார்கள், சென்ற ஆண்டு எத்தனை பேர் இடையிலே நின்றார்கள் என்பனவும் கேட்கத்தக்கவை. கடைசிக் கேள்விக்கு "ஒருவரும் இல்லை" என்பவரைவிட, "நான்கு பேர், பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம்" என்பவரை நம்பலாம். அரிசி பருப்புக்கென்று பங்குப்பணம் கேட்பதிற் குற்றமில்லை. பெருந்தொகை கேட்டால், அது எதற்கென்று கேட்க வெட்கப்படவேண்டாம்.

வழியைப் பொறுத்தவரை, முதன்முறை நடப்பவர்க்கு உகந்ததென நாம் கருதுவது காட்டுப்பகுதி அன்று. மட்டக்களப்பு மாமாங்கத்திலிருந்து உகந்தை வரையுள்ள கரைவழி. நீளம் கூடுதல்தான். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கே 100 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து உகந்தைக்கு மேலும் ஏறக்குறைய 30. ஆயினும் பொத்துவில் வரை ஒவ்வொரு சிலமைலுக்கும் ஓர் ஊர், ஒரு கோயில் மண்டபம், ஒரு கிணறு, ஓர் ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பஸ் தரிப்பிடம் உண்டு. இயலாதென்று கண்டால் மானக்கேடின்றி வீடு திரும்பலாம். காட்டிலே திரும்பும் வசதி இல்லை. பாதி வழி போனபின் முன்னே போவதும் பின்னே வருவதும் ஒன்றே.

அடுத்த ஆண்டு அவ்வாறே செய்தோம். அதே மூதாட்டியின் கூட்டத்துடன் மாமாங்கத்திலே சேர்ந்து பன்னிரண்டு நாள் நடந்தோம். விடியற்புறம் மூன்றரை மணிக்குப் புறப்பாடு. ஒன்பதரைக்கு மேல் தார்வீதியில் வெறுங்கால் வைக்க முடியாது. பகலெல்லாம் மண்டபத்திலே உறக்கமும் பசனையும். வெயில் தாழ்ந்தபின் மீண்டும் சிறிது நடை. குருமண்வெளித் துறையிலே, கிழக்கார் 'பாதை' என்று வழங்கும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர் முருகனை வணங்கித் திரும்பினோம். சாய்ந்தமருதிலே முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் எம் காலைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போய் உப்பிட்ட வெந்நீர்ச் சட்டியுடன் வந்தார். முந்திய ஆண்டு ஓடிய ஓட்டத்திலே இத்தகையவற்றுள் ஒன்றையேனும் காணும் பேறு நமக்குக் கிட்டவில்லை. உகந்தையை அடைந்தபோது நம்முடைய பாதமும் மற்றவர் பாதம் போலவே இருந்தது. லீவு முடிந்தமையால் அவ்வாண்டு காட்டுக்குள் நுழையாமல் அங்கிருந்தே திரும்பிவிட்டோம். அது குறைவு என்று எவரும் சொல்லவில்லை.

ஆயத்தம் பற்றிச் சில. ஒரே நாளில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று உங்களைச் சோதிக்கவேண்டாம். ஒரு சனிக்கிழமை 15 கிலோமீற்றர் நடந்து, ஞாயிற்றுக்கிழமையும் எழுந்து அதே அளவு நடக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாம் நாட்காலைதான் உண்மையைச் சொல்லும். நீரிழிவு உள்ளவர் வெறுங்கால் நேர்த்தியை வைத்தியரிடம் கேளாமல் எடுக்கவேண்டாம். அவர் பாதத்திலே உணர்ச்சி மங்கியிருக்கக்கூடும். முள் குத்தியது தெரியாமலே புண் பழுத்துவிடும். முருகன் செருப்பைக் கண்டு சினப்பவன் அல்லன் என்பது நம் துணிபு. பழகிய பழஞ்செருப்பு, புதுச் சப்பாத்திலும் நூறு மடங்கு மேல். சுமை ஐந்து கிலோவுக்கு மிகாதிருக்கட்டும். தண்ணீரும் அதற்குள் அடங்காது என்பதை நினைவிற் கொண்டு மாற்றுடையைக் குறையுங்கள். காட்டிலே படையினரும் தொண்டர்களும் சில இடங்களில் தண்ணீர் தருகிறார்கள் என்றாலும், அதை நம்பி வெறும் போத்தலுடன் நடப்பது அறிவீனம்.

நீர் விடயத்திலே முன்னோர் பட்டது நம்மிலும் கொடிது. அக்காலத்து யாத்திரிகர் கூட்டங்களிலே கொலரா பரவிப் பலர் மாண்டனர். அதனாலேயே ஆங்கில அரசாங்கம் யாத்திரையைக் கட்டுப்படுத்திற்று. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வூல்ஃப், திருவிழாக் காலத்திலே கதிர்காமத்தில் தங்கி அடியார் கூட்டத்தை மேற்பார்வை செய்ய நேர்ந்ததும் அத்தகைய ஏற்பாடுகளாலேதான்.

நேர்த்தி ஒன்றும் இல்லை, நடப்பதே ஆசை என்பவர்க்கு மலைநாட்டிலே பீக்கோ ட்ரெயில் என்னும் புதிய நடைவழி இருக்கிறது. கண்டி ஹந்தானையிலே தொடங்கி நுவரெலியா வரை, தேயிலைத் தோட்டங்களூடே 300 கிலோமீற்றருக்கு மேல் செல்வது. 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதியை ஒரு நாளில் நடந்து, போதுமென்றால் நிறுத்திவிடலாம். யாத்திரைக்கு முன் காலைப் பழக்கவும் ஏற்றது. ஆனால் குளிருக்கும் அட்டைக்கும் பழகிய கால், கச்சானுக்கும் மணலுக்கும் பழகியதாகாது.

அன்பர் இன்னும் ஒன்று கேட்டிருந்தார்: பெரிய கூட்டமா, சிறிய கூட்டமா? நம்முடைய கூட்டத் தலைவரிடமே இதைக் கேட்டோம். "எண்ணக்கூடிய கூட்டம்" என்றார். மூதாட்டிக்கு இவ்வாண்டு முழங்கால் வலியாம். ஆனாலும் மாமாங்கத்திலே வந்து நிற்பேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஊதுகுழல் இளைஞன் வெளிநாடு போய்விட்டான். அவன் இடத்துக்கு ஆள் வேண்டியிருக்கிறதென்று தலைவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். குழலைத் தபாலிலே அனுப்பியும்விட்டார்.