பிள்ளைக்கு எந்த சைஸ்?

மும்பைக்குக் குழந்தைகளோடு டூர் போகிறவர்கள், கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் போட்டோ எடுத்த கையோடு படகில் ஏறுவது எலிஃபெண்டா குகைக்கு. ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல் பயணம். திங்கட்கிழமை குகைக்கு லீவு என்பதுவரை விசாரித்து வைத்திருக்கும் அப்பாக்கள், ஒன்றை மட்டும் கேட்பதில்லை. 'என் பிள்ளை சைஸுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கா?'

கேட்டால், கூரைக்கு அடியில் செருகிக் கிடப்பதைக் காட்டுவார்கள். 'அதான் இருக்கே!' இருக்கு. யாருக்கு? எண்பது கிலோ ஆளுக்கு! ஆறு வயசுப் பொண்ணுக்கு அதை மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மிதக்கும். குழந்தை அதிலிருந்து நழுவிக் கீழே போகும்.

2024 டிசம்பர் 18. எலிஃபெண்டாவுக்குக் கிளம்பிய 'நீல்கமல்' படகின்மீது, கட்டுப்பாடு இழந்த கடற்படை வேகப்படகு மோதியது. 15 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருவன் ஏழு வயசுப் பையன். மோதினது கடற்படைப் படகு, சரி. 84 பயணிகளுக்கே அனுமதி உள்ள படகில் நூறு பேருக்கு மேல் ஏற்றியது யாராம்?

காமர்ஸ் படித்த புத்தி, கணக்குப் பார்க்காமல் விடாது. டிக்கெட்டுக்கு ஒரே ஒரு ரூபாய் கூட்டினால், சின்ன சைஸ் ஜாக்கெட் இருபது வாங்கிய காசு ஒரு சீசனில் திரும்பிவிடும். அதுக்குக்கூடவா மனசில்லை?

நம்ம ஆட்கள் மட்டும் லேசா? 'புழுக்கமா இருக்கு', 'போட்டோல நல்லா இல்ல'!

ஏறியதும் பிள்ளைக்கு மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இறங்குங்கள். டிக்கெட் காசைத் திருப்பிக் கேளுங்கள். தரமாட்டேன் என்பார்கள். சத்தமாகவே கேளுங்கள், க்யூவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும்.