ஏறியவர் இறங்கவும் வேண்டும்



சென்ற ஆண்டுக் கோடையில் மூன்று மாதங்கள் நாம் மிதிவண்டியும் கையுமாக அலைந்த கதையை இம்மாதம் உங்களுக்குச் சொல்ல விழைகிறோம். 54 வயதில் இதெல்லாம் தேவைதானா என்று நீங்கள் கேட்கக்கூடும். நம் இல்லத்திலும் முதலில் எழுந்த கேள்வி அதுவே.

நடந்தது இதுதான். இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கிறது என்றும், நாள்தோறும் உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். நடந்தாலோ முழங்கால் வலித்தது. வேலைக்காகப் பெங்களூர் சென்ற நம் மகன், தன் மலை மிதிவண்டியை வீட்டு முற்றத்தில் விட்டுச் சென்றிருந்தான். பருத்த டயர்களும் பல கியர்களும் கொண்ட வண்டி அது. அதன் கைப்பிடியில் ஒரு தலைக்கவசமும் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டோம். தலைக்கவசத்தை மட்டும் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டோம்.

"என்னங்க, இதையும் போட்டுக்கிட்டுப் போங்க" என்றார் நம் துணைவியார்.

"கல்லூரிக்கு 20 கிலோ எடையுள்ள பழைய சைக்கிளில் போனவன் நான். அப்போது எந்தக் கவசம் இருந்தது?" என்று சிரித்து மழுப்பினோம். அந்தச் சிரிப்பின் விலையைப் பின்னர் அறிந்தோம்.

ஏப்ரல் மாதம் முழுவதும் சமவெளிப் பயணமே. காலை ஐந்து மணிக்குச் சேலத்திலிருந்து புறப்பட்டு ஓமலூர் வரை சென்று, வெயில் ஏறுமுன் வீடு திரும்புவோம். முதல் வாரம் இடுப்பு வலித்தது. இரண்டாம் வாரம் உள்ளங்கை மரத்தது. மூன்றாம் வாரத்தில் உடல் பழகிக்கொண்டது. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறுந்தண்ணீரினும் உப்பிட்ட நீர்மோரே நலம் என்பதையும், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அவ்வப்போது பருக வேண்டும் என்பதையும் நம் உடலே நமக்குக் கற்பித்தது.

மே மாதம் வந்தது. சேலத்தில் வாழும் எவருக்கும் வடதிசையில் நிற்கும் சேர்வராயன் மலை ஓர் அறைகூவலாகவே தோன்றும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். முதல் முயற்சியில் ஒன்பதாவது வளைவிலேயே மூச்சு முட்டித் திரும்பிவிட்டோம். அடுத்த வாரம் பதினான்காவது வளைவு. மூன்றாம் முறை, மிகச் சிறிய கியரில், நடப்பவரைக் காட்டிலும் சற்றே விரைவாக, குரங்குகள் வேடிக்கை பார்க்க, ஒரு வழியாக ஏற்காட்டு ஏரிக்கரையை அடைந்தோம். தேநீர்க் கடையில் அமர்ந்தபோது நம் உள்ளத்தில் எழுந்த பெருமிதத்தை மறைத்துப் பயனில்லை. வயது நம்மிடம் தோற்றுவிட்டது என்றே எண்ணினோம். மகனுக்குத் தொலைபேசியில் செய்தியும் சொன்னோம். பயணத்தில் பாதிதான் முடிந்திருக்கிறது என்ற நினைவு அப்போது நமக்கு வரவில்லை.

ஏறுவதற்கு இரண்டரை மணி நேரம் பிடித்த மலையில் இறங்குவது மிகவும் எளிதாகத் தோன்றியது. காலுக்கு வேலை இல்லை. முகத்தில் குளிர்காற்று. வளைவுக்கு வளைவு வேகம் கூடியது. அடிவாரத்திலிருந்து எண்ணினால் எட்டாவது வளைவு. கீழிருந்து ஒரு பேருந்து திரும்பி வருவதைக் கண்டு பிரேக்கை இறுக்கினோம். கீச்சென்ற ஓசை எழுந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. சாலையோரத்துச் சரளையில் சக்கரம் வழுக்கியது. மறுகணம் நாம் தரையில் கிடந்தோம். முழங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது. தலைக்கும் தடுப்புச் சுவரின் கல்லுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

பேருந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒரு தோட்டத் தொழிலாளப் பெண்மணி, தம் தூக்குச்சட்டியோடு வைத்திருந்த தண்ணீரால் நம் காயத்தைக் கழுவினார். பிறகு நம் நரைத்த தலையைப் பார்த்து, "ஏங்கய்யா, வீட்டுல புள்ளைங்க இல்லியா?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபம் இல்லை. ஆயினும் காயத்தைவிட அந்தச் சொல்லே நம்மைச் சுட்டது.

இனி நாம் கூறப்போவது நமக்குப் பெருமை தருவதன்று. வீடு திரும்பியதும், "தெருமுனையில் நாய் குறுக்கே வந்தது, சறுக்கிவிட்டேன்" என்று துணைவியாரிடம் சொன்னோம். ஒரு பாவமும் அறியாத நாயின் மீது பழி விழுந்தது. அவர் மஞ்சள் அரைத்துப் பூசினார். "அந்த நாயை யாராவது கட்டிப் போடக் கூடாதா?" என்று நமக்காகப் பரிந்தும் பேசினார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

காயம் ஆறும் வரை வீட்டிலிருந்த நாள்களில் மிதிவண்டியைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்தோம். அப்போது அறிந்ததுதான் கிசால்லோ மாதாவின் வரலாறு. வட இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, 754 மீட்டர் உயரத்தில், ஒரு மலைச்சாலையின் உச்சியில் அச்சிற்றாலயம் நிற்கிறது. கள்வர்களால் தாக்கப்பட்ட கிசால்லோ என்ற பிரபு ஒருவர், அங்கிருந்த மாதாவின் திருவுருவத்தை அடைக்கலமாக நாடி உயிர் தப்பினார் என்பது மரபுவழிக் கதை. பின்னாளில் அச்சாலை மிதிவண்டிப் பந்தயங்களின் வழியாயிற்று. மலையேறிக் களைத்த வீரர்கள் அங்கே நின்று செபிப்பது வழக்கமாயிற்று. 1948ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்றிக் கொடுத்த தீப்பந்தம், மிதிவண்டி வீரர்களால் மாறி மாறி ஏந்தப்பட்டு அச்சிற்றாலயத்தை அடைந்தது. இறுதியில் அதை ஏந்தியவர்களுள், பந்தயச் சாலையில் ஒருவரையொருவர் விட்டுக்கொடாத பார்த்தாலியும் கோப்பியும் இருந்தனர். அடுத்த ஆண்டு, 1949 அக்டோபர் 13ஆம் நாள், கிசால்லோ மாதாவை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலி எனப் பாப்பரசர் அறிவித்தார்.

சிற்றாலயத்தின் உட்சுவர்களில் வெற்றி வீரர்களின் சட்டைகளும் மிதிவண்டிகளும் காணிக்கையாகத் தொங்குகின்றன. அவற்றுள் ஒன்று நம் கண்ணை விட்டு அகலவில்லை. அது ஃபாபியோ கசார்தெல்லி என்ற இளைஞருடைய வண்டி. கோமோவில் பிறந்தவர், 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத்தில் தங்கப் பதக்கம் வென்றவர். 1995 ஜூலை 18ஆம் நாள், பிரான்சு நாட்டைச் சுற்றி நடக்கும் புகழ்பெற்ற பந்தயத்தில், பிரெனே மலைத்தொடரின் ஒரு கணவாயிலிருந்து இறங்கும்போது விழுந்தார். சாலையோரக் கல்லில் தலை மோதியது. தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. 24 வயது, ஒரு கைக்குழந்தையின் தந்தை. மறுநாள் போட்டியாளர் அனைவரும் பந்தயமின்றி ஊர்வலம் போல் மெதுவாகச் சென்று, அவருடைய அணித் தோழர்களை எல்லைக்கோட்டில் முன்செல்ல விட்டனர். தலைக்கவசம் அவரைக் காத்திருக்குமா என்பது பற்றிப் பின்னர் பலர் வாதிட்டதுண்டு. எனினும் 2003ஆம் ஆண்டு இன்னொரு வீரர் விழுந்து இறந்த பின்னர், பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது.

உலகின் மிகச் சிறந்த கால்கள் அவருடையவை. எந்த மலையும் அவருக்கு ஏற முடியாததாய் இருந்ததில்லை. அவரையே இறக்கம் வீழ்த்தியதென்றால், மூன்று வாரம் மலை பழகிய நாம் எம்மாத்திரம்?

அன்று மாலை துணைவியாரிடம் உண்மையைச் சொன்னோம். பேருந்து, சரளை, ஒரு சாண் இடைவெளி, எதையும் ஒளிக்கவில்லை. அவர் கடிந்துகொள்வார் என எதிர்பார்த்தோம். அவரோ ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று ஆணியிலிருந்த தலைக்கவசத்தை எடுத்து, முந்தானையால் அதன் தூசியைத் துடைத்து, மேசை மேல் வைத்தார். சற்று நேரங்கழித்து, "நாயைப் போய்த் திட்டினேனே" என்றார். அதற்குமேல் அவ்வீட்டில் அது பற்றிப் பேச்சில்லை.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நம் தெருவிலுள்ள சைக்கிள் கடைப் பெரியவரிடம் சென்றோம். பிரேக் கட்டையைத் தடவிப் பார்த்தவர், "ஐயா, இதுல ரப்பர் எங்கே இருக்கு? தேஞ்சு போய்த் தகடுல்ல உரசுது! ஏறுறப்ப எல்லாரும் செயினுக்கு எண்ணெய் போடுறாங்க. பிரேக்கு ஞாபகம் எறங்குறப்பதான் வருது" என்றார்.

பள்ளியில் பௌதிகம் போதிக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நம் உடலும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ. 1,100 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் எங்கேனும் சென்றுதானே ஆக வேண்டும்? ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. எஞ்சியது பிரேக்கில் வெப்பமாகிறது. முழுவதும் வெப்பமானால் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! விடாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சுட்டு டியூப் வெடிப்பதும் உண்டு. வேகம் இருமடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். கரும்பலகையில் ஆண்டுதோறும் எழுதியதை மலைச்சாலையில் மறந்துவிட்டோம்.

மலை மிதிவண்டி என்னும் வகை பிறந்த கதையும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமால்பைஸ் மலையடிவாரத்து இளைஞர்கள் 1970களில் பழைய கனத்த வண்டிகளை மண்பாதையில் இறக்கி விளையாடினர். 1976இல் அங்கே பந்தயமே தொடங்கியது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பழங்கால பிரேக் அவ்வண்டிகளில் இருந்தது. ஓர் இறக்கம் முடிவதற்குள் அதிலுள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பாதைக்குப் பெயராயிற்று.

பெரியவர் புதிய கட்டைகளைப் பொருத்தி, இறங்கும் முறையையும் கற்பித்தார். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிக்கலாகாது. நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முன் பிரேக்கை மட்டும் திடீரென இறுக்கினால் தலைகுப்புற விழுவோம். பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் வழுக்கும். இரண்டையும் அளவோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி அமர வேண்டும். குறுகிய இடத்தில் மேலேறி வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும். மலைச்சாலையின் விதியும் அதுவே. மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்று, கைக்கும் சக்கரத்துக்கும் ஓய்வு தர வேண்டும்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் மகன் விடுமுறையில் வந்தான். தனக்கென ஒரு வண்டியும் கவசமும் கொண்டுவந்திருந்தான். இருவருமாக ஏற்காடு ஏறினோம். அங்கே ஒரு காப்பித் தோட்டத்தாரிடம் அனுமதி பெற்று, சவுக்கு மரங்களும் மிளகுக் கொடி படர்ந்த நிழல் மரங்களும் சூழ்ந்த மண்பாதையில் ஓட்டினோம். முதல்நாள் மழையில் சருகுகள் ஊறி வழுக்கின. ஓரிடத்தில் சரிவு செங்குத்தாய் இருந்தது. நாம் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். மே மாதத்து மனிதர் அவ்வாறு செய்திருக்கமாட்டார். மகனும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடந்தான்.

திரும்பும்போது மூன்று வளைவுக்கு ஒருமுறை நின்றோம். சக்கர விளிம்பைத் தொட்டுப் பார்த்தோம். சுடுசோற்றுப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது. எட்டாவது வளைவில் அந்தத் தடுப்புச் சுவரை மகனுக்குக் காட்டி, நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தவன், "கவசத்து வாரு தளர்வா இருக்கு, அப்பா" என்று சொல்லி, நம் மோவாய்க்குக் கீழே அதை இறுக்கிவிட்டான். ஏறுவதற்கு எடுத்துக்கொண்டதில் பாதி நேரம் இறங்குவதற்கும் ஆயிற்று. அதற்காக நாம் வருந்தவில்லை.

வீட்டு வாசலில் துணைவியார் நின்றிருந்தார். "மேலே வரைக்கும் போனீங்களா?" என்று அவர் கேட்கவில்லை. "வந்துட்டீங்களா?" என்றார். மலையுச்சியில் நாம் அடைந்த பெருமிதத்தை அறியாத அந்தக் கேள்வியில்தான், பயணத்தின் முடிவு எங்கே என்பது நமக்குத் தெளிவாயிற்று. உச்சியை அடைந்தவரை ஊர் பாராட்டும். வீடு காத்திருப்பதோ திரும்பி வருபவருக்காகவே.

நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கின்றனர். மலை இல்லாத ஊரிலும் பாலத்துச் சரிவும் ஏரிக்கரை இறக்கமும் உண்டு. இந்த ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும், பெற்றோரே, ஐந்து நிமிடம் ஒதுக்கி அவ்வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். பிரேக் கட்டையில் ரப்பர் உள்ளதா? கம்பி நைந்திருக்கிறதா? இரண்டு சக்கரமும் பிடித்தவுடன் நிற்கின்றனவா? புதுக் கட்டையின் விலை பெரிதன்று. வீட்டு ஆணியில் ஏதேனும் தலைக்கவசம் தூசி படிந்து தொங்குமாயின், அதையும் எடுத்துத் துடைத்து வையுங்கள். பிள்ளைகளுக்கு மட்டுமன்று, நம்மைப் போன்ற நரைத்த தலைகளுக்கும் அது தேவைதான்.